முப்பத்தெட்டு லோரி மேல்மண்

நான் ரிட்டையர் ஆன வாரம்தான் ஆபீசுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்துச்சு. எனக்குப் பதிலா வந்த மாலினிங்கிற பொண்ணு அதுல நீளம், அகலம், ஆழம்னு மூணு நம்பரைத் தட்டினா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள, புல்தரைக்கு இத்தனை லோரி மண் வேணும்னு விடை வந்து நின்னுச்சு. அவ என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, இவ்வளவுதானா? இதையா இத்தனை வருஷமா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"ன்னு கேட்டா. கேலியாக் கேக்கல, நெசமாவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டா. எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துச்சு.

"இவ்வளவுதாம்மா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ்ல ஏறி உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்துச்சு. மூணு நம்பரைப் பெருக்கறதுக்கு எதுக்கு ஒரு ஆளு? பெருக்கி வந்த விடைக்கும் தரையில வந்து விழற மண்ணுக்கும் நடுவுல என்னென்னமோ நடக்கும். அதோட மல்லுக்கட்டறதுதான் என் உத்தியோகம். அதுல பாதி எனக்கே புரிஞ்சதில்ல. இன்னிக்கும் எல்லாம் புரிஞ்சுபோச்சுன்னு நெஞ்சை நிமித்திச் சொல்ல மாட்டேன். மாலினிகிட்ட வாயில வராததைத்தான் இங்க எழுதறேன்.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளர்ந்தவ. பேரு சரோஜா. பள்ளிக்கூடத்துல பாரம் ஐந்து முடிச்சதும், வீட்லருந்து நடந்தே போயிடலாம்ங்கிற ஒரே காரணத்துக்காக, கடைவீட்டு மாடியில இருந்த ஒரு தோட்ட அலங்காரக் கம்பெனியில சேர்ந்தேன். ஆர்க்கிடெக்ட் வரைஞ்ச பிளான் மேல மெல்லிசுக் காகிதத்தை வெச்சு அப்படியே வரையணும், அதான் வேலை. எழுபதுகள்ல அளவெல்லாம் மீட்டருக்கு மாறினதும் ஊரே குழம்பிப்போச்சு. பிளான் மீட்டர்ல வரும். லோரிக்காரங்க கெஜத்துல பேசுவாங்க. வீட்டுக்காரங்க அங்குலம்பாங்க. வேலை செய்யற பொம்பளைங்க ஒரு ஜாண்னு கையை விரிச்சுக் காட்டுவாங்க. இது நாலையும் ஒரே தாள்ல கொண்டுவந்து நிறுத்த ஒரு ஆள் வேணும்னு தேடினாங்க. எவனும் சிக்கல. சரி, இவளையே உட்கார வைப்போம்னு என்னை உட்கார வெச்சாங்க. இப்படித்தான் நான் எஸ்டிமேட்டர் ஆனேன்.

முதல் கணக்கே கூத்தாயிருச்சு. பெட்டாலிங் ஜெயாவுல ஒரு பங்களா. பிளானைப் பார்த்து மண்ணை அனுப்பிட்டேன். மறுநாள் வீட்டுக்காரர் போன்ல கத்தறாரு, வாசல்ல மண்ணு மலையாக் கிடக்கு, கார்க் கொட்டகையிலருந்து காடியை வெளிய எடுக்க முடியலைன்னு. ஓடிப்போய்ப் பார்த்தா, புல்லு வரவேண்டிய இடத்துல பாதிக்கு மேல சிமெண்டு போட்டுக் காய்ஞ்சு கிடக்கு. அந்த வீட்டம்மா நேரா மேஸ்திரிகிட்ட சொல்லிட்டாங்களாம். பிளான் வரைஞ்சவங்களுக்கு யாரும் சொல்லல, எனக்கும் யாரும் சொல்லல. அன்னியிலருந்து இடத்தைப் போய்ப் பார்க்காம நான் பென்சிலைத் தொட்டதில்ல.

இப்போ எங்க பாஸைப் பத்திச் சொல்லணும். மிஸ்டர் நாதன். வட்டிக்கடையும் வியாபாரமுமா இருந்த குடும்பத்துல பொறந்து, லண்டன்ல படிச்சுட்டு வந்தவரு. கத்த மாட்டாரு. முக்கியமான எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டாரு. "சரோஜா, அந்த கிள்ளான் வேலை வந்து..."ன்னு ஆரம்பிப்பாரு. கண்ணாடியைக் கழட்டி டை நுனியில துடைப்பாரு. மறுபடி மாட்டிக்குவாரு. அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது. மிச்சத்தை நாமதான் கண்டுபிடிச்சுக்கணும். ஆபீஸ்ல எல்லாரையும் நீ, வா, போன்னுதான் பேசுவாரு, அது அவருக்குப் பிரியம். யாரையாவது திடீர்னு 'நீங்க, வாங்க, உட்காருங்க'ன்னு சொன்னாருன்னா அந்த ஆளு தொலைஞ்சான். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். நாங்க சுத்தி உட்கார்ந்திருக்கிறவங்க, 'நீங்க'ன்னு காதுல விழுந்தாலே தலையைத் தாளுக்குள்ள விட்டுக்குவோம்.

மண்ணுக் கணக்கு எப்படின்னு கேட்டா, சொல்றதுக்குச் சுலபம்தான். புல்லு வேர்விட ஆறு அங்குல மேல்மண் வேணும். இடத்தோட பரப்பை அந்த ஆழத்தால பெருக்கினா மண்ணோட அளவு வந்துரும். ஆனா மண்ணு செங்கல் இல்ல. வெட்டினதும் பொலபொலன்னு உப்பிக்கும். லோரியில குலுங்கக் குலுங்க உள்ளுக்குள்ள இறங்கும். மண்ணு வெட்டற டெங்கில்ல ததும்ப ஏத்தின லோரி ஷா ஆலம் வந்து சேர்றப்போ பலகைக்கு ஒரு கை கீழ நிக்கும். வழியில ஒரு பிடி மண்ணு கூடச் சிந்தியிருக்காது. கொட்டிப் பரப்பின பிறகு மழை பெஞ்சா இன்னும் கொஞ்சம் இறங்கும். இதுக்கெல்லாம் சேர்த்து வந்த அளவு மேல கால் பங்கு கூட்டிக்குவேன். காஞ்ச காலம்னா ஒண்ணு, மழைக் காலம்னா ஒண்ணுன்னு கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். இதைப் புத்தகத்துல படிச்சதில்ல. ஒவ்வொரு வேலையிலயும் மிச்சமான மண்ணையும் பத்தாமப் போன மண்ணையும் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

எண்பதுகளின் நடுவுல ஷா ஆலம்ல ஒரு புது பேக்டரிக்கு முன்வாசல் புல்தரை போடற வேலை வந்துச்சு. ஆயிரம் சதுர மீட்டர், சப்பையான இடம், மரம் இல்ல, மேடு பள்ளம் இல்ல. என் உத்தியோகத்துலயே இவ்வளவு சுலபமான கணக்கு வந்ததில்ல. நூத்தம்பது கன மீட்டர், கால் பங்கு கூட்டினா ஏறக்குறைய நூத்தித் தொண்ணூறு. லோரிக்கு அஞ்சு. முப்பத்தெட்டு லோரி. திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனுஷரு சம்சாரத்தோட வர்றாருன்னு பேக்டரிக்காரங்களுக்கு ஒரே பரபரப்பு. எங்களுக்கு அது இன்னும் ஒரு புல்தரை, அவ்வளவுதான்.

மண்ணை ஏத்திட்டு வந்தது எங்க கம்பெனி லோரி டிரைவர் முனியாண்டி அண்ணன். கிள்ளான்காரரு, என்னைவிட மூத்தவரு. பேச்சு கம்மி, வெத்தலை ஜாஸ்தி. எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு லோரி, அது அவரு கையில இருந்துச்சு. டெங்கில்ல ஏத்தறதும் அவருதான், ஷா ஆலம்ல கொட்டறதும் அவருதான், நடுவுல கூட யாரும் கிடையாது. இறக்கின மண்ணைப் பரப்ப கேரி தீவுலருந்து ஒரு பொம்பளைங்க கோஷ்டி. எல்லாரும் எஸ்டேட் தோட்டத்து ஆளுங்க. அவங்களுக்குத் தலைவி மாதிரி பச்சையம்மா அக்கா. அவங்க ஒரு பார்வை பார்த்தாலே மத்தவங்க பேச்சை நிறுத்திட்டு மண்வெட்டியை எடுத்துருவாங்க.

முப்பத்தெட்டு லோரியும் வந்து சேர்ந்துச்சு. நானும் மிஸ்டர் நாதனும் பார்க்கப் போனோம். முக்கால்வாசி இடம் குச்சியில ஆறு அங்குலத்துக்குப் போட்ட சிவப்புக் கோடு வரைக்கும் அழகா நிரம்பியிருந்துச்சு. சுவரோரமா கால்வாசி இடம் வெறும் தரையாக் கிடந்துச்சு. அங்க நாலஞ்சு சின்னக் குவியல் மட்டும் மிச்சம். அதைப் பரப்பினா ஒரு மூலைக்குக் கூடக் காணாது.

தப்பு வரும்தான். ரெண்டு லோரி கூடும், ரெண்டு லோரி குறையும். ஒரு புல்தரையில கால்வாசி மண்ணைக் காணோம்னா எப்படி?

மிஸ்டர் நாதன் கண்ணாடியைத் துடைச்சாரு. கேட்டுல காவலுக்கு நின்ன ஜாகா பாயைக் கூப்பிட்டு, எத்தனை லோரி உள்ள வந்துச்சுன்னு கேட்டாரு. "முப்பத்தெட்டு பாஸ், ஒவ்வொண்ணா எண்ணினேன்"னாரு பாய். "லோரிக்கு உள்ள எட்டிப் பார்த்தியா?" "லோரியைத்தான் பாஸ் பார்த்தேன். உள்ள எப்படி..."ன்னு பாய் இழுத்தாரு. நாதன் திரும்பினாரு. முனியாண்டி அண்ணன் லோரிப் படியில உட்கார்ந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டிருந்தாரு. "முனியாண்டி, நீங்க கொஞ்சம் இப்படி வாங்க"ன்னாரு நாதன்.

பச்சையம்மா அக்கா, அவங்க ஆளுங்க, பாய், பேக்டரி ஆளுங்கன்னு அத்தனை பேரும் நின்னு பார்க்கறாங்க. "சாவியைக் கொடுங்க. கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்குங்க. டெங்கில்லருந்து வர்ற ரோட்டுல நிறைய வீடு கட்டறாங்க, இல்ல? மண்ணு எல்லாருக்கும் வேணும்..."னு சொல்லி அப்படியே நிறுத்திட்டாரு. நிறுத்தின இடத்துல என்ன இருக்குன்னு அங்க நின்ன எல்லாருக்கும் புரிஞ்சுது. பாதி லோரியை வழியில வித்துட்டான்னு அர்த்தம். முனியாண்டி அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தாரு. வெத்தலையைக் கீழ போட்டாரு, சாவியை எடுத்துக் கொடுத்தாரு.

நாதன் அந்தச் சாவியைக் கொண்டுவந்து என் மேசை மேல வெச்சாரு. "கணக்கு உன்னுது. சரியா தப்பான்னு நீயே பார்த்து வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு. சரின்னா, அப்புறம் போலீஸ்..."னாரு. அதையும் முடிக்கல.

அந்தச் சாவியைத் தள்ளி வெச்சுட்டுத் தாளை எடுத்தேன். என் கணக்கு சரின்னா முனியாண்டி அண்ணன் திருடன். கிள்ளான்ல திருட்டுப் பேரு வாங்கின டிரைவரை எவனும் லோரிப் பக்கம் சேர்க்க மாட்டான், ஆயுசுக்கும் முடிஞ்சுது. அவரு யோக்கியன்னா என் கணக்கு தப்பு. இவ்வளவு பெரிய தப்பு பண்ணினவளை, அதுவும் பொம்பளையை, மறுபடி மெல்லிசுக் காகிதத்துக்குத்தான் அனுப்புவாங்க. திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே முப்பத்தெட்டுதான் வருது. சனியன், ஒரு தடவையாவது மாறி வரக்கூடாதா?

மறுநாள் முனியாண்டி அண்ணனே மாடி ஏறி வந்தாரு. உட்காரச் சொன்னேன், உட்காரல. சாவியைப் பார்த்துக்கிட்டே கேட்டாரு.

"உன் கணக்கு தப்பாம்மா?"

"இல்லண்ணே."

"அப்போ நான் திருடனா?"

"ஐயோ, இல்லண்ணே!"

"ரெண்டும் எப்படிம்மா ஒண்ணா இருக்கும்? படிச்ச பொண்ணு, நீயே சொல்லு."

அவரு இறங்கிப் போயிட்டாரு. அன்னிக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கல.

அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. மழைல கரைஞ்சு ஓடியிருக்கும்னாரு பாய். போய்ச் சாக்கடையைப் பார்த்தேன், சேறு இல்ல, பளிச்சுன்னு கிடக்கு. அந்த வாரம் மழையும் பெருசா இல்ல. புல்லு சப்ளை பண்ற சீனரு, "தானா மாக்கான் தானா-லா"ன்னாரு, மண்ணை மண்ணே தின்னுருமாம். அப்படின்னா அடித்தரை உள்வாங்கியிருக்கணும். பேக்டரிச் சுவரோரச் சிமெண்டுலருந்து நூல் கட்டி அளந்தேன். தரை இருந்த இடத்துலயே இருக்கு. லோரித் தொட்டியை மறுபடி டேப் வெச்சு அளந்தேன். அதுவும் சரி. ஆபீஸ்ல ஸ்டோர்காரன் மட்டும், "எல்லாம் தெரிஞ்ச கதைதானேக்கா"ன்னு சிரிச்சான். அவனை ஒரு அறை விடணும் போல இருந்துச்சு.

கடைசியா என் இரும்புக் கம்பியை எடுத்துட்டுப் போனேன். ஆழம் பார்க்கற கம்பி அது. மேல்மண்ணுல அழுத்தினா சர்ருன்னு இறங்கும், அடியில இருக்கிற கெட்டித் தரை பட்டதும் டக்குன்னு நிக்கும். எவ்வளவு இறங்குச்சோ அவ்வளவு ஆழம் மேல்மண் இருக்குன்னு அர்த்தம். வெயில் மண்டையைப் பொளக்குது, பொம்பளைங்கல்லாம் நிழல்ல சோறு சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. குத்தினேன். ரெண்டு அங்குலம் இறங்கி நின்னுருச்சு. நாலு அடி தள்ளிக் குத்தினேன், ரெண்டு அங்குலம். நடுவுல, ஓரத்துல, எங்க குத்தினாலும் ரெண்டே அங்குலம்.

நான் அங்கயே குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சிவப்புக் கோடு ஆறு அங்குலம் இருக்குங்குது. கம்பி ரெண்டு அங்குலம்தாங்குது. சரி, கம்பி சொல்றதே உண்மைன்னு வெச்சுக்கிட்டா, மூணுல ஒரு பங்கு மண்ணுலயே இவ்வளவு இடமும் ரொம்பியிருக்குன்னு ஆகுது. அப்படின்னா குவியல் குவியலா மண்ணு மிஞ்சியிருக்கணுமே! மிஞ்சலையே, பத்தாமல்ல போச்சு? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒண்ணு இன்னொண்ணைப் பொய்யாக்குது. எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கப்போகுதுன்னு நினைச்சேன். அழுகையே வந்துருச்சு, அந்தப் பொம்பளைங்க பார்க்கறாங்களேன்னு அடக்கிக்கிட்டேன்.

மேல சொல்ற எதையும் நம்பக்கூடாது, காலையில முதல் வேலையா வெட்டியே பார்த்துரணும்னு முடிவு பண்ணினேன். மறுநாள் விடிஞ்சதும் என் தம்பி மோட்டார் சைக்கிள்ல கொண்டுவந்து விட்டான். வழக்கமா நான் பத்து மணிக்கு மேலதான் போவேன், அப்போ பொம்பளைங்க பல்லு வெச்ச வாரியால மண்ணைச் சீவிக்கிட்டு இருப்பாங்க, மண்ணு மாவு மாதிரி இருக்கும். அன்னிக்குக் கேட்டுக்குள்ள நுழையறப்பவே சத்தம் கேட்டுச்சு. தொம், தொம், தொம்னு.

மிச்சமிருந்த குவியல்ல ஒண்ணைப் பரப்பி, பனி ஈரம் காயறதுக்குள்ள, ஏழெட்டுப் பேரு தோளோடு தோள் நின்னு, ஆளுக்கு ஒரு கனமான கட்டையால மண்ணை இடிச்சுக்கிட்டிருக்காங்க. இடிச்ச இடத்து மேல மறுபடி மண்ணைப் போட்டு மறுபடி இடி. கோடு வரைக்கும் வந்ததும் மேல மட்டும் லேசாச் சீவிப் பொலபொலன்னு ஆக்கிடறாங்க.

"பச்சையம்மாக்கா, என்னக்கா பண்றீங்க?"

"என்ன கண்ணு இப்படிக் கேக்கற? மண்ணு நிக்க வேணாமா?"

தோட்டத்துல எண்ணெய் எடுக்கற செம்பனைக்கு நாத்து வளர்க்கற நர்சரியில பழகின கை அது. நாத்து நடற கறுப்புப் பையில மண்ணைப் போடுவாங்க, தரையில தட்டி இடிப்பாங்க, இறங்கினதும் மறுபடி போட்டு மறுபடி இடிப்பாங்க. உள்ள காத்து இருந்தா நாத்து சாஞ்சுரும், மேல்பார்வை பார்க்கற மண்டோரு ஏசுவாரு. வருஷக் கணக்கா அதே வேலை. அவங்களுக்கு மண்ணு போடறதுன்னாலே இடிச்சுப் போடறதுதான். இடிக்காமப் போட்டா அது வேலைக் கள்ளத்தனம்.

அப்புறம் ஒவ்வொண்ணா வந்து விழுந்துச்சு. கம்பி நின்னது அடித்தரையில இல்ல, இவங்க இடிச்ச மண்ணுல. முனியாண்டி அண்ணன் கொண்டுவந்த மண்ணு எங்கயும் போகல. இங்கயேதான் இருக்கு, என் காலுக்குக் கீழ, நெருக்கியடிச்சுக்கிட்டு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, கூடவே அழுகையும் வந்துச்சு. பச்சையம்மா அக்கா பயந்துபோய், "என்னாச்சு கண்ணு, பசியாறலையா?"ன்னு ரொட்டியை நீட்டினாங்க.

பேக்டரி ஆபீஸ்லருந்து போன் போட்டேன். மிஸ்டர் நாதன் வந்தாரு. அவரு முன்னால, இடிச்ச இடத்துல ஒரு அடிச் சதுரமா அடித்தரை வரைக்கும் வெட்டச் சொன்னேன். மண்வெட்டி கணீர்னு பேசுச்சு. வந்த மண்ணைச் சாக்கு மேல போட்டு, கையால உதுத்து, அதே குழிக்குள்ள திரும்பப் போட்டேன். குழி நிரம்பிருச்சு, சாக்குல பாதிக்குக் கிட்ட மண்ணு அப்படியே மிச்சம் நிக்குது.

நாதன் குனிஞ்சு பார்த்தாரு. "எந்தக் குழியைத் தோண்டினாலும் கொஞ்சம்..."னு ஆரம்பிச்சாரு. எதிர்பார்த்ததுதான். சுவரோரம் பரப்பி மட்டும் வெச்சு இன்னும் இடிக்காத மண்ணுல அதே அளவு வெட்டி, அதே மாதிரி திரும்பப் போட்டுக் காட்டினேன். அங்க ஒரு கைப்பிடிதான் மிஞ்சுச்சு. "இன்னொரு தடவை"ன்னாரு. காட்டினேன். கண்ணாடியைக் கழட்டினாரு, துடைக்க மறந்து கையிலயே வெச்சிருந்தாரு. "இப்படி இடிக்கச் சொன்னது யாரு?"ன்னு மெதுவாக் கேட்டாரு.

"நீங்கதான் பாஸ் சொன்னீங்க"ன்னாங்க பச்சையம்மா அக்கா. அவங்க குரல்ல பயமும் இல்ல, குத்தலும் இல்ல. "முதல் நாள் வந்தீங்கல்ல? பெரிய வீட்டம்மா உசந்த குதிகால் செருப்பு போட்டுக்கிட்டு வருவாங்க, நடந்தா புதையக்கூடாதுன்னு சொன்னீங்க. அதான் நல்லாப் போட்டிருக்கோம். எங்க வேணும்னாலும் நடக்கச் சொல்லுங்க, ஒரு நகக்கண்ணு கூட உள்ள போகாது."

நான் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன். நாதன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்ல. போறப்போ காடிக் கதவைத் திறந்துக்கிட்டு, "அந்தச் சாவியை அவன்கிட்ட கொடுத்துரு"ன்னு மட்டும் சொன்னாரு.

அன்னிக்குச் சாயங்காலமே பஸ் பிடிச்சுக் கிள்ளான் போனேன். முனியாண்டி அண்ணன் வாசல்ல உட்கார்ந்திருந்தாரு. நடந்ததை மூச்சு விடாமச் சொல்லி முடிச்சு, சாவியை நீட்டினேன். அவரு முகம் மலரும்னு நினைச்சேன். உன் கணக்கும் சரி, என் லோரியும் சரின்னு சிரிப்பாருன்னு வழியெல்லாம் நினைச்சுக்கிட்டு வந்தேன். அவரு கையை நீட்டல.

"எடுத்தப்போ எங்க வெச்சு எடுத்தாரு?"

"ஷா ஆலம்ல, அண்ணே."

"யாரு யாரு இருந்தாங்க?"

"எல்லாரும்தான் இருந்தாங்க."

"அப்போ கொடுக்கறதும் அங்கயே கொடுக்கட்டும்மா. நீ டீ குடிச்சுட்டுப் போ."

திரும்பி வர்ற பஸ் முழுக்க எனக்குக் குழப்பம். அவரு சொன்னது நியாயம்தான். ஆனா ஒரு வாக்கியத்தை முடிக்காத மனுஷனை, பத்து பேரு முன்னால நின்னு மன்னிப்புக் கேளுன்னு நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன்? மறுநாள் ஆபீஸ்ல அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். நாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "சரோஜா, நீங்க போகலாம்"னாரு. நீங்க! சரி, நமக்கும் வேளை வந்துருச்சுன்னு மேசையை ஒழுங்குபடுத்தி வெச்சுட்டு வீட்டுக்குப் போனேன். அந்த 'நீங்க' யாரு மேல வந்த கோபம்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது.

மறுநாள் காலையில மனசு கேக்காம ஷா ஆலம் போயிருந்தேன், பொம்பளைங்க பசியாறிக்கிட்டிருந்த நேரம், நாதன் காடி வந்து நின்னுச்சு. முனியாண்டி அண்ணனையும் கூட்டிட்டு வந்திருந்தாரு. எல்லாரையும் கிட்ட வரச் சொன்னாரு. பாயையும் கூப்பிட்டாரு. கண்ணாடியைத் தொடவே இல்ல.

"முனியாண்டி மண்ணைத் திருடல. முப்பத்தெட்டு லோரியும் நிறையக் கொண்டுவந்து கொட்டியிருக்கான். தப்பு நான் சொன்னதுல வந்தது, நான் அவனை உங்க முன்னால அவமானப்படுத்திட்டேன்."

மூணு வாக்கியம். மூணையும் முடிச்சாரு. எத்தனையோ வருஷம் அவருகிட்ட வேலை பார்த்திருக்கேன், அப்படி அவரு பேசி நான் அதுக்கு முன்னாலயும் கேட்டதில்ல, பின்னாலயும் கேட்டதில்ல. சாவியை நீட்டினாரு. முனியாண்டி அண்ணன் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. "சரி பாஸ்"னாரு. அவ்வளவுதான்.

அப்புறம் அந்தத் தரை முழுக்கக் கொத்தி உதுக்க வேண்டியதாப் போச்சு. அப்படியே விட்டா புல்லு வேரு இறங்காது, தண்ணியும் நிக்கும். பச்சையம்மா அக்கா நாள் முழுக்க முணுமுணுத்துக்கிட்டே கொத்தினாங்க, இவ்வளவு நல்ல வேலையைக் கெடுக்கச் சொல்றாங்களேன்னு. கொத்தின மண்ணை மிச்ச இடத்துக்கும் தள்ளிப் பரப்பினோம். போதுமா இருந்துச்சு. திறப்பு விழா அன்னிக்கு அந்தப் பெரிய வீட்டம்மா சிமெண்டு நடைபாதையில வந்து சிமெண்டு நடைபாதையிலயே போயிட்டாங்க. புல்லு பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல.

எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் நான் நினைச்சேன். அடுத்த வேலை கிள்ளான்லயே ஒரு பள்ளிக்கூடத் திடல். முதல் லோரி வந்துச்சு. முனியாண்டி அண்ணன் வண்டியை நிறுத்திட்டு எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்காரு, கொட்டல. என்னண்ணேன்னு போய்க் கேட்டேன்.

"நீ வந்து பாரும்மா. அப்புறம் கொட்டறேன்."

"என்னத்தண்ணே பார்க்கறது? கொட்டுங்க."

"பாரும்மா."

சக்கரத்து மேல கால் வெச்சு ஏறி, தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்து, சரிண்ணேன்னு சொன்னேன். கொட்டினாரு. அடுத்த லோரிக்கும் அப்படியே. அடுத்த வேலைக்கும் அப்படியே. நான் புடவை கட்டியிருந்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, நான் ஏறிப் பார்க்காம அவரு லிவரைத் தொட மாட்டாரு. நான் வர நேரமானா எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பாரு. ஒரு நாள் எனக்கே கோபம் வந்து, "அண்ணே, நான் உங்களை என்னிக்காவது சந்தேகப்பட்டேனா? எனக்கு எதுக்கு இந்தத் தண்டனை?"ன்னு சத்தம் போட்டுட்டேன். "தண்டனை எல்லாம் இல்லம்மா. நீ ஒரு தடவை பார்த்துட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வருது"ன்னாரு. என் மேல கோபமா, நாதன் மேல கோபமா, இல்ல அவரு சொன்ன மாதிரி வெறும் பயம்தானா? பின்னால அவரு வேலையை விடற வரைக்கும் நான் கண்டுபிடிக்கல.

அவரோட கடைசி லோடு பிரிக்பீல்ட்ஸ்லயே ஒரு சின்னத் தோட்டத்துக்கு. எனக்கும் வயசாயிருச்சு, முட்டி வலி. அண்ணே, இன்னிக்கு ஒரு நாளாவது நீங்களே கொட்டிருங்கன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. சக்கரத்து மேல ஏறினேன். முன்னால உட்கார்ந்துக்கிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாரு.

"பார்த்துட்டியாம்மா?"

"பார்த்துட்டேண்ணே. நிறைய இருக்கு."

அப்புறம்தான் கொட்டினாரு.